வாக்கியத்தைப் படிக்காத மொழியியல்

ரிச்சர்ட் சட்டனுக்கும் ஆண்ட்ரூ பார்ட்டோவுக்கும் 2024-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அறிவிக்கப்பட்டதிலிருந்து ஒரு பழைய கட்டுரைக்குப் புது மவுசு. சட்டன் 2019 மார்ச்சில் எழுதிய ‘கசப்பான பாடம்’ அது. சதுரங்கம், கோ விளையாட்டு, பேச்சறிதல், கணினிப் பார்வை என்று துறை துறையாக எடுத்துக்காட்டி, மனிதர் தம் அறிவை இயந்திரத்துக்கு ஊட்டப் பார்த்த இடங்களிலெல்லாம் கடைசியில் ஜெயித்தவை கணக்கிடும் வலுவைப் பெருக்கிக்கொண்டே போன பொது வழிமுறைகள்தாம் என்று சொல்லும் சிறு கட்டுரை. கணினி மொழியியலில் முனைவர் பட்டம் செய்யும் ஒருவரிடம், “உங்கள் தரவில் இருக்கும் வாக்கியங்களை உட்கார்ந்து படித்தீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். மாணவர் விழிப்பார், நெறியாளர் சட்டனை எடுத்து நீட்டுவார். மொழியறிவு வேண்டாம் என்று விருது வாங்கியவரே சொல்லிவிட்டார், இன்னும் என்ன வாக்கியம், என்ன இலக்கணம்?

சட்டன் சொன்னது பெரும்பாலும் சரி. இலக்கண விதிகளை ஒவ்வொன்றாக எழுதி மொழிபெயர்ப்பு இயந்திரம் கட்ட இந்தியாவில் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். 2023-இல் சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளையும் கையாண்டு அந்த உழைப்பையெல்லாம் தாண்டிப் போய்விட்டது. விதி எழுதும் காலத்துக்குத் திரும்புங்கள் என்று எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைய மாணவர்களுக்கு வேலை கிடைக்கிறது, பன்னாட்டு மாநாடுகளில் தமிழின் பெயர் அடிபடுகிறது. இதெல்லாம் நல்லதே.

ஆனால் ஓர் இயந்திரத்தை எப்படிக் கட்டுவது என்பது ஒரு கேள்வி. அது சரியாக வேலை செய்கிறதா என்று தீர்ப்புச் சொல்லத் தெரிந்த ஆளை எப்படி உருவாக்குவது என்பது வேறு கேள்வி. சட்டன் பேசியது முதல் கேள்வியைப் பற்றி. பட்டமேற்படிப்பு என்று ஒன்று இருப்பது இரண்டாவதற்காக. ஒன்றுக்கான விடையை மற்றொன்றுக்குப் போட்டு மதிப்பெண் வாங்கப் பார்க்கிறார்கள். அதைத்தான் ஏற்க முடியவில்லை.

வழக்கமான ஆய்வேட்டின் அமைப்பு எனக்கு மனப்பாடம். முதல் இயலில் தமிழின் தொன்மை. இரண்டாவதில் முன்னாய்வுகள். மூன்றாவதில் ஏற்கெனவே எவரோ வெளியிட்ட டேட்டாசெட். நான்காவதில் எம்பெர்ட், எக்ஸ்எல்எம்-ஆர், மியூரில், இண்டிக்பெர்ட் என்று நாலைந்து மாடல்களை ஃபைன்-டியூன் செய்த கதை. ஐந்தாவதில் அட்டவணை, ஆய்வாளரின் வரிசை மட்டும் தடித்த எழுத்தில். ‘பிழை ஆய்வு’ என்று ஒரு பக்கம். அதிலும் பாதியைக் கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸ் படம் அடைத்துக்கொள்ளும். எதிர்காலத்தில் இன்னும் பெரிய மாடலை முயல்வோம் என்று முடிவுரை. இருநூறு பக்க ஆய்வேட்டில், ஆய்வாளர் தம் கண்ணால் பார்த்துத் தம் வாயால் விளக்கிய தமிழ் வாக்கியங்களைப் பொறுக்கினால் ஒரு பக்கம் நிரம்பாது.

ஒரு வாய்மொழித் தேர்வில் நடந்ததைச் சொல்கிறேன். திரைப்பட முன்னோட்டங்களின் கீழே ரசிகர்கள் எழுதும் கருத்துகளை நேர்மறை, எதிர்மறை என்று பிரிக்கும் ஆய்வு அது. மாடல் தவறவிட்டதாகப் பட்டியலிட்டவற்றில் ஒன்று ஏறத்தாழ இப்படி இருந்தது: ‘தலைவா நீ நடந்து வந்தாலே போதும், கதை எதுக்கு’. டேட்டாசெட் இதற்கு எதிர்மறை என்று குறி போட்டிருந்தது. மாடல் நேர்மறை என்றது. ஆய்வேடு இதை மாடலின் பிழைக் கணக்கில் ஏற்றியிருந்தது. தமிழ்நாட்டில் வளர்ந்த எவருக்கும் தெரியும்: இதை எழுதியவர் அந்த நடிகரின் ரசிகரென்றால் இது ஆராதனை, எதிர்முகாம் ஆளென்றால் நக்கல். வாக்கியத்துக்குள் விடை இல்லை. “இதற்கு எதிர்மறை என்று குறி போட்டது யார், எந்த வழிகாட்டுதலின்படி?” என்று கேட்டேன். “சார், கோல்டு லேபிள் அப்படித்தான் இருக்கு” என்றார் மாணவர். கெட்டிக்காரப் பிள்ளை, நிரல் எழுதுவதில் கை தேர்ந்தவர். ஆனால் அந்தக் குறியை இன்னொரு மனிதர் போட்டிருக்கிறார், அவரோடு சண்டை போடலாம் என்பதே மூன்று ஆண்டுப் படிப்பில் அவருக்குச் சொல்லித்தரப்படவில்லை.

இதை ஒரு மாணவரின் குறை என்று விட்டுவிட முடியாது. குறியிடுபவர்கள் தங்களுக்குள் எந்த அளவுக்கு ஒத்துப்போனார்கள் என்பதை அளக்க கப்பா, ஆல்ஃபா என்று அளவைகள் உண்டு. மனிதர்களே பல இடங்களில் ஒத்துப்போகாத ஒரு தரவில், ஒரு மாடல் 0.64-உம் இன்னொன்று 0.65-உம் எடுத்தன என்றால் அந்த நூறில் ஒரு பங்கு எதைக் குறிக்கிறது? மொழியைப் பற்றி ஒன்றையும் குறிக்கவில்லை. முதலில் குறியிட்ட இரண்டு பேரின் தடுமாற்றத்தில் எந்தப் பக்கத்தை மாடல் தற்செயலாகப் பிடித்தது என்பதைக் குறிக்கலாம். அந்தத் தடுமாற்றம் எங்கே, ஏன் நேர்ந்தது என்று எழுதியிருந்தால் அது மொழியியல். தசமப் புள்ளிக்குப் பின்னால் ஓடுவதைப் பந்தயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

வாக்கியத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் என்ன கிடைத்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு. ‘படித்த பையன்’, ‘படித்த புத்தகம்’, ‘படித்த பள்ளி’, ‘படித்த நாள்’. நான்கிலும் ‘படித்த’ என்ற பெயரெச்சம் ஒன்றுதான். ஆனால் பையன் படித்தவன், புத்தகம் படிக்கப்பட்டது, பள்ளி இடம், நாள் காலம். உருபு எதுவும் இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. பொருள் தெரிந்தவருக்குத்தான் உறவு தெரியும். தொல்காப்பியம் வினையியலில் இதை வரையறுத்து, பெயரெச்சம் கொள்ளும் பொருள்களை நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என்று ஆறாகப் பகுத்திருக்கிறது. வாக்கியத்தில் சொற்களுக்கிடையேயான உறவைக் குறிக்க இன்று உலகெங்கும் பயன்படும் யுனிவர்சல் டிபென்டென்சீஸ் முறையிலோ, அடிப்படை அடுக்கில் இந்த நான்கு தொடர்களுக்கும் பெயரையும் எச்சத்தையும் இணைக்கும் கோடு ஒரே மாதிரிதான். பள்ளி இடமா, செயப்படுபொருளா என்பதை அந்தக் கோடு சொல்வதில்லை. ஆக, அந்த முறையில் வாக்கியங்களை மரமாக வரைந்து சேர்த்த தொகுப்பில், அதாவது மரவங்கியில், பயின்ற பாகுபடுத்தி 100-க்கு 100 வாங்கினாலும் ‘நான் படித்த பள்ளி’யில் யார் எதைப் படித்தார்கள் என்று அதற்குத் தெரிந்துவிட்டதாகப் பொருளில்லை.

ஐம்பது வாக்கியத்துக்குக் கையால் மரம் வரைந்த மாணவர் இந்த இடத்தில் முட்டிக்கொள்வார். ‘படித்த களைப்பு’ என்று ஒரு தொடர் வந்தால் இன்னும் பலமாக முட்டிக்கொள்வார். அந்த ஆறில் இதை எங்கே வைப்பது? ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதில் ‘எனக்கு’ எழுவாயா இல்லையா என்று திகைப்பார். பாணினியின் காரகக் கொள்கையைத் தழுவி ஐதராபாத்தில் உருவாக்கிய குறியீட்டு முறை இத்தகைய இடத்துக்கென்றே ‘அனுபவ கர்த்தா’ என்று தனிக்குறி வைத்திருப்பதைக் கண்டால், ஏன் வைத்தார்கள் என்று யோசிப்பார். யோசித்த அன்றைக்கு அவர் கணினி மொழியியலர் ஆகிறார். டேட்டாசெட்டை இறக்கி, மாடலை ஓட்டி, எஃப்1 மதிப்பெண் எடுத்தவருக்கு அந்த நாள் வருவதே இல்லை.

மரவங்கி என்றதும் இன்னொரு கணக்கு. யுனிவர்சல் டிபென்டென்சீஸ் தொகுப்பில் தமிழுக்கென்று நெடுங்காலமாகப் புழங்குபவை இரண்டு. ஒன்றில் 600 வாக்கியங்கள், தினமணி இணையதளச் செய்திகளிலிருந்து எடுத்தவை. மற்றதில் 534 வாக்கியங்கள், தாமஸ் லேமன் 1989-இல் வெளியிட்ட நவீனத் தமிழ் இலக்கண நூலின் எடுத்துக்காட்டுகளிலிருந்து வந்தவை. செய்தித்தாள் தமிழும் இலக்கணப் புத்தகத் தமிழும். பேச்சுத் தமிழ் மருந்துக்கும் இல்லை. இந்தி மரவங்கியில் 16,000-க்கு மேற்பட்ட வாக்கியங்கள். செக் மொழியின் பிராகா மரவங்கியில் 80,000-க்கும் மேல். அந்த 600 தமிழ் வாக்கியங்கள் எங்கே உருவாயின தெரியுமா? பிராகா நகரத்துச் சார்லஸ் பல்கலைக்கழகத்தில். அங்கே ஆய்வு மாணவராக இருந்த லோகநாதன் ராமசாமி, ஸ்டெனெக் ஜபோக்ர்ட்ஸ்கியோடு சேர்ந்து உருவாக்கியது. வாக்கியத்தைக் கையால் அலசுவதைப் புலமையின் பகுதியாகக் கருதும் மரபு அங்கே இருக்கிறது. அந்த மரபில் போய்ச் சேர்ந்த தமிழ் மாணவர் தமிழுக்கு ஒரு மரவங்கி செய்தார்.

அந்த 600 வாக்கியங்களில் சோதனைக்கென ஒதுக்கியவை 120. அவற்றில் உள்ள சொற்கள் 1,989. ஆக, இந்தச் சோதனையில் ஒரு விழுக்காடு முன்னேற்றம் என்றால் சுமார் இருபது சொற்கள். இருபது சொல்! ஒரே அமர்வில் தேநீர் ஆறுவதற்குள் எடுத்துப் படித்துவிடலாம்; எந்தச் சொல் திருந்தியது, எது கெட்டது, ஏன் என்று எழுதிவிடலாம். அரை விழுக்காடு, ஒரு விழுக்காடு என்று முன்னேற்றம் அறிவிப்பவர்கள் அந்தச் சொற்களைப் பெயர் சொல்லிக் காட்டி நான் பார்த்ததில்லை.

மொழிபெயர்ப்பு ஆய்வுகளிலும் இதே கதை. பலரும் நாடும் ஃப்ளோரஸ் சோதனைத் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரஸ்-101-இன் 3,001 வாக்கியங்களும் ஆங்கில விக்கிமீடியாத் தளங்களிலிருந்து எடுத்து மற்ற மொழிகளுக்குப் பெயர்த்தவை. அதாவது அதிலுள்ள தமிழ், தமிழர் தமக்குள் எழுதிக்கொண்டது இல்லை. ஆங்கிலத்தின் தோளில் ஏறி வந்தது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்கும் இயந்திரத்தை இதைக்கொண்டு சோதித்தால், ஏற்கெனவே ஆங்கிலமாக இருந்ததைத் திரும்ப ஆங்கிலமாக்கத் தெரிகிறதா என்றுதான் தெரியவரும். எழுவாயை விட்டுவிட்டுப் பேசும் தமிழ், ‘வந்துட்டுப் போறேன்’ என்று சொல்லிவிட்டு வராமலே போகும் தமிழ் இதற்குள் நுழைவதற்கு வழியே இல்லை. தொகுப்பை உருவாக்கியவர்கள் இதை மறைக்கவில்லை. எப்படிச் செய்தோம் என்று எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். பயன்படுத்துகிறவர்களுக்குத்தான் படிக்க நேரமில்லை.

நேரமில்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. யுஜிசியின் 2016 விதிமுறை, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்க வாசிப்புகளும் கட்டாயம் என்றது. அதற்கு ஏற்ற குறுக்கு வழியாக வாய்த்தவை ஷேர்டு டாஸ்க் எனப்படும் போட்டிகள். அமைப்பாளர்கள் தரவைத் தருவார்கள்; குறிப்பிட்ட நாளுக்குள் விடையை அனுப்பினால் தரவரிசை வரும்; கடைசி இடம் பிடித்தவரும் ‘எங்கள் அமைப்பு’ என்று சில பக்கக் கட்டுரை எழுதலாம். திராவிட மொழிகளுக்காக 2021 முதல் நடந்துவரும் ட்ராவிடியன்லாங்டெக் போன்ற பயிலரங்குகள் தமிழையும் துளுவையும் பன்னாட்டு அரங்குக்குக் கொண்டுபோயிருக்கின்றன. புதியவர்களுக்கு அது நல்ல வாசல். வாசலிலேயே ஐந்து ஆண்டு குடியிருந்துவிட்டு வீடு கட்டிவிட்டோம் என்பதுதான் பிரச்சினை. யுஜிசி 2022-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. போட்டிக் கட்டுரைகள் மூன்றைத் தைத்து, முன்னே ஒன்றும் பின்னே ஒன்றும் இயல் சேர்த்தால் இன்றும் ஆய்வேடு தயார்.

குறியிடுவது குமாஸ்தா வேலை, முனைவர் பட்ட மாணவர் செய்யத்தக்கதல்ல என்று ஒரு வாதம் உண்டு. இந்தத் துறையின் வரலாறு தெரியாதவர்கள் பேசும் பேச்சு. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலப் பாகுபடுத்திகளுக்கெல்லாம் அளவுகோலாக இருந்த பென் மரவங்கியைப் பற்றி மிட்ச் மார்கஸும் அவர் குழுவும் 1993-இல் எழுதிய கட்டுரையைப் பாருங்கள். சொல்வகை குறிக்கும் சோதனையில் ஈடுபட்டவர்கள் மொழியியலில் பட்டமேற்படிப்புப் பயிற்சி பெற்றவர்கள். இயந்திரம் போட்ட குறியைத் திருத்துவதா, தொடக்கத்திலிருந்து கையால் போடுவதா, எதில் பிழை குறைகிறது, எதில் ஒத்துப்போவது கூடுகிறது என்று அதையே ஓர் ஆய்வாக நடத்தினார்கள். குறியிடுவதும் ஆராய்ச்சியும் அங்கே இரண்டாக இல்லை. குமாஸ்தா வேலை என்று அதைத் தள்ளுகிறவர்கள், அந்தக் குமாஸ்தாக்கள் போட்ட அடித்தளத்தின் மேல்தான் முப்பது ஆண்டுகளாகக் கட்டுரை எழுதி வந்திருக்கிறார்கள்.

இன்றைய புது வாதம் இன்னும் வேடிக்கையானது: குறியிட மனிதர் எதற்கு, ஜிபிடியைக் கேட்டால் போட்டுத் தருகிறதே? சரி, ஒரு மாடல் குறி போடுகிறது. அந்தக் குறியில் இன்னொரு மாடல் பயில்கிறது. அதன் விடை சரியா என்று மூன்றாவது மாடல் நடுவராக உட்கார்ந்து தீர்ப்பளிக்கிறது. ஆய்வேட்டின் ஆங்கிலத்தை நான்காவது திருத்திக் கொடுக்கிறது. இந்தச் சங்கிலியில் ஒரு தமிழ் வாக்கியத்தை மனிதர் எவராவது படித்த இடம் எது? இல்லை. பிறகு பட்டத்தை யாருக்குக் கொடுப்பது? மாடல் பிழை செய்யாது என்று நம்பினால் ஆய்வே தேவையில்லை. பிழை செய்யும் என்று நினைத்தால் அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் நாம் உருவாக்க மறுக்கிறோம்.

தமிழ்த்துறைகளுக்கும் மொழியியல் துறைகளுக்கும் இதில் பங்கு உண்டு. தொல்காப்பியத்தின் ஆறு பொருளையும் உறக்கத்தில் கேட்டாலும் சொல்லும் முதுகலை மாணவரை நாற்பது வரி பைத்தான் எழுத வைக்காதது அவர்கள் குற்றம். ஐதராபாத் ஐஐஐடியில் கணினி அறிவியல் பி.டெக்.கையும் கணினி மொழியியல் எம்.எஸ். ஆய்வுப் பட்டத்தையும் ஒரே படிப்பாக இணைத்து நெடுநாளாக நடத்துகிறார்கள். இரண்டையும் ஒரு தலைக்குள் ஏற்ற முடியும் என்பதற்கு அது போதும். கிஹான் டயஸ், மிரியம் புட் ஆகியோரோடு சர்வேஸ்வரன் இலங்கையிலிருந்து செய்த தமிழிமார்ஃப் உருபனியல் பகுப்பானைப் பாருங்கள். தமிழ்ச் சொல்லின் உள்ளமைப்பை உட்கார்ந்து எழுதினால்தான் அப்படி ஒன்று வரும். பெரிய மாடல்கள் கொடிகட்டிப் பறந்த 2021-இல்தான் அது ஆய்விதழில் வந்தது. மனம் இருந்தால் செய்யலாம். மனம் இல்லாதவர்களுக்குச் சட்டன் வசதியாகக் கிடைத்திருக்கிறார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தமிழைத் தரவாகக் கொண்ட எந்தக் கணினி மொழியியல் ஆய்வேடும், ஆய்வாளர் தம் கையால் அலசிக் குறியிட்ட 500 வாக்கியங்கள் இல்லாமல் ஏற்கப்படக் கூடாது. இன்னொருவர் அதே வாக்கியங்களைத் தனியே குறியிட வேண்டும். இருவரும் முரண்பட்ட இடங்களை ஓர் இயலில் ஒவ்வொன்றாக எடுத்து விவாதிக்க வேண்டும். வாய்மொழித் தேர்வு அந்த இயலில் தொடங்க வேண்டும். எஃப்1 அட்டவணை பின்னிணைப்புக்குப் போகட்டும். நாளுக்குப் பத்து வாக்கியம் என்றாலும் ஐம்பது நாள் வேலை. மூன்று ஆண்டில் ஐம்பது நாள் மொழியோடு உட்காரப் பொறுக்காதவர் கணினி அறிவியலில் நல்ல பட்டமாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம், அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. மொழியியல் என்ற சொல்லை மட்டும் விட்டுவிடட்டும். இருபது ஆய்வேடுகள் இப்படி வந்தால் 10,000 வாக்கியங்கள் சேரும். மேலே சொன்ன இரண்டு மரவங்கிகளும் சேர்ந்து அதில் எட்டில் ஒரு பங்கு கூட இல்லை.